திருப்பதியில் மாமாவைத் தொலைத்த அன்று

வாய் நிறையத் திட்டி, தட்டு நிறையச் சோறு போட்ட என் அத்தைக்கு,

மருமகள் தனம் எழுதுகிறேன். நீங்கள் போய்ப் பதினோரு மாதம் முடியப் போகிறது. இத்தனை நாளாக எழுதத் தோன்றவில்லை. உயிரோடு இருந்தபோதே நாம் உட்கார்ந்து பேசிக்கொண்டவர்கள் இல்லை. நீங்கள் மாட்டுக்கொட்டகையில் நின்று கத்துவீர்கள், நான் அடுப்படியில் நின்று பதிலுக்குக் கத்துவேன். இருபத்திரண்டு வருஷம் அப்படியே ஓடிப்போய்விட்டது.

இப்போது எழுதுவதற்குக் காரணம் பயம். சொல்லி அழ எனக்கு வேறு ஆள் இல்லை. உங்கள் பிள்ளையிடம் சொன்னால் அவர் என்னைவிட அதிகமாகப் பயப்படுகிறார். உங்களுக்குப் படிக்கத் தெரியாது. அங்கே யாராவது படித்துக் காட்டட்டும். சத்தமாகவே படிக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர்கள் கேட்டால் கேட்கட்டும். மறைப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். மாமாவை நாயுடுபேட்டையில் உங்கள் மகள் வசந்தா வீட்டில் மூன்று மாதம் விட்டுவிட்டு வரலாம் என்று முடிவு செய்தவள் நான்தான். ஐப்பசியிலிருந்தே அவருக்குத் தடுமாற்றம். ஒரே மாட்டுக்கு இரண்டு தடவை தீவனம் வைப்பார், அடுத்த மாட்டை மறந்துவிடுவார். மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து, நாள் முழுக்கத் தண்ணீர் ஓடித் தக்காளிப் பாத்தி மூழ்கிப்போனது. எதிர் வீட்டுக்குள் நுழைந்து, நம் வீடு என்று நினைத்துப் பாய் விரித்துப் படுத்துவிட்டார். ஆறு மாடு, ஒன்றரை ஏக்கர் தக்காளி, பால் ஊற்றும் வேலை, இவர். என்னால் முடியவில்லை அத்தை. பெற்ற மகள் கொஞ்ச நாள் பார்க்கட்டுமே என்று நினைத்தேன். அவருடைய வேட்டி, துண்டு, போர்வை எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டினேன். நான் கட்டுவதை அவர் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எதற்கென்று கேட்கவில்லை. புரிந்திருக்குமா அவருக்கு?

உங்கள் பிள்ளை ஆடியில் ஒரு பழைய கார் வாங்கினார். சாந்திபுரத்திலிருந்து புறப்பட்டால் ஒரே நாளில் நாயுடுபேட்டை போய்விடலாம். திருப்பதியில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று பிடிவாதம் பிடித்ததும் நான்தான். கல்யாணமான நாள் முதல் நான் ஒரு லாட்ஜில் தங்கியதில்லை. பால் கறக்காத ஒரு காலைப்பொழுதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மாடுகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, மார்கழிப் பனி விலகுவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். மாமா முன்சீட்டில் மங்கிக் குல்லாவோடு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். பலமநேர் மலை இறக்கத்தில் குரங்குகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார். நல்லபடியாகத்தான் இருந்தார்.

சித்தூரில் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். சுடச்சுடக் களி, வேர்க்கடலைச் சட்னி. மாமா நன்றாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, பரிமாறுகிற ஆளைக் கூப்பிட்டு, "இன்னொண்ணு பார்சல் கட்டுப்பா. அவ வூட்ல துன்னாம குந்திக்கினு இருப்பா" என்றார்.

"யாருக்கு மாமா?" என்று கேட்டேன்.

"யாருக்கா? உங்க அத்தைக்குத்தான். இன்னாம்மா கேள்வி இது?" என்றார், எனக்குத்தான் ஞாபகம் போய்விட்டது போல.

உங்கள் பிள்ளை என்னைப் பார்த்தார். பிறகு பார்சல் கட்டச் சொன்னார். திருப்பதி வரைக்கும் மாமா அந்தப் பொட்டலத்தை மடியிலேயே வைத்திருந்தார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் அழுகை. வயதானவர், பெண்டாட்டி நினைப்பு, ஒரு நிமிஷம் தடுமாறுகிறார், தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

லாட்ஜ் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் இருந்தது. மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு, குழாயைத் திருகினால் வெந்நீர் வரும். பேர் எழுதிக்கொண்ட மேனேஜர், "மலைக்கு டிக்கெட் கீதா?" என்று கேட்டார். இல்லை, நாங்கள் மலைக்குப் போகவில்லை என்றோம். அவர் பேனாவை வைத்துவிட்டார். "மலைக்குப் போவாம திருப்பதியில இன்னா பண்ணப் போறீங்க?" என்றார். வீட்டில் சாவு, வருஷம் திரும்பவில்லை என்று உங்கள் பிள்ளை சொன்னதும், "அய்யோ, அப்படியா" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. சாவு விழுந்த வீட்டார் ஒரு வருஷம் மலை ஏறக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா? உங்கள் மாமியார் செத்த வருஷம், ஊரே வேன் வைத்துப் போனபோது நீங்கள் வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டதோடு சரி என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள்.

முதல் நாள் எப்படி இருந்தது தெரியுமா? கடைத்தெருவில் சும்மா நடந்தோம். நான் இரண்டு டஜன் வளையல் வாங்கினேன். காரப்பொடி தடவிய தோசை சாப்பிட்டோம். தலை மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஆட்களை மாமா ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டு வந்தார். ஒரு வேலையும் இல்லாமல் மூன்று பேரும் கட்டிலில் சாய்ந்து டீவி பார்த்தோம். நான் சந்தோஷமாக இருந்தேன் அத்தை.

மறுநாள் காலை உங்கள் பிள்ளை டயருக்குக் காற்று அடித்துக்கொண்டு வருகிறேன் என்று கீழே போனார். அறைக்கு ஒரே சாவி. அவர் திரும்பி வந்தால் கதவைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டாமே என்று நான் தாழ்ப்பாள் போடவில்லை. மாமா டீவி பார்த்துக்கொண்டிருந்தார். "குளிச்சிட்டு வந்துடுறேன் மாமா, எங்கயும் போவாதீங்க" என்றேன். "நான் எங்கம்மா போவப் போறேன்" என்றார்.

வெந்நீர் வந்துகொண்டே இருந்தது. நம் வீட்டில் ஒரு தவலை கொதிக்க வைத்தால் நாலு பேர் குளிக்க வேண்டும். இங்கே யாரும் கதவைத் தட்டவில்லை, எந்த மாடும் கத்தவில்லை. அரைமணி நேரம் நின்றிருப்பேன். வெளியே வந்தபோது டீவி ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் ஆள் இல்லை. செருப்பு இருந்தது, குல்லா இல்லை.

ஈரத் தலையோடு படியில் ஓடினேன். மேனேஜர், "பெரியவரு அப்பவே போனாரே, டீ குடிக்கப் போறாருன்னு நெனச்சேன்" என்றார். டீக்கடையில் இல்லை. தெருமுனையில் இல்லை. உங்கள் பிள்ளை காரோடு வந்து சேர்ந்ததும், மாமாவைக் காணோம் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

மார்கழிக் காலையில் திருப்பதியில் எத்தனை பழுப்பு நிறக் குல்லா இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு கிழவர், ஒவ்வொருவர் தலையிலும் அதே குல்லா. தூரத்திலிருந்து பார்த்ததும் உயிர் வரும், கிட்டே போய் முகத்தைப் பார்த்ததும் போய்விடும். அப்படி எத்தனை தடவை செத்துப் பிழைத்தேன். ரயில்வே ஸ்டேஷன், கோவிந்தராஜர் கோயில் குளக்கரை, பெரிய ஆஸ்பத்திரி என்று அலைந்தோம். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், "அடையாளம் தெரியாத ஒருத்தரைக் கொண்டாந்திருக்காங்க, வந்து பாருங்க" என்றாள். அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றி எழுத மாட்டேன். அது வேறு யாரோ.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் போலீஸ் சாவடியில் ஒரு ஏட்டு இருந்தார். புத்தூர்ப் பக்கத்து ஆள், தமிழ் பேசினார். "போட்டோ காட்டும்மா" என்றார். உங்கள் பிள்ளை போனை எடுத்துத் தேடினார், தேடினார், தேடிக்கொண்டே இருந்தார். போனில் மாமா படம் என்று இருந்ததெல்லாம் உங்கள் சாவில் எடுத்ததுதான். உங்களை நாற்காலியில் சாய்த்து மாலை போட்டு, பக்கத்தில் மாமா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படம். அதைத்தான் காட்டினோம்.

ஏட்டு படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "உங்க அம்மாவா?" என்று கேட்டார்.

"ஆமா சார். மாசியில போயிட்டாங்க."

"பெரியவரு மலைக்குப் போயிருப்பாரு. திருப்பதியில காணாமப் போறவங்க பாதிப் பேரு மலைப் பஸ்ஸுலதான் ஏறிடுறாங்க. நான் மேல சொல்லிடட்டா?"

"இல்ல சார்," என்றேன் நான், உங்கள் பிள்ளை வாயைத் திறப்பதற்கு முன்பே. "அவரு போவ மாட்டாரு. வருஷம் திரும்பல. எங்க மாமா அந்த விஷயத்துல ரொம்பக் கண்டிப்பு."

ஏட்டும் தலையை ஆட்டினார். "அதுவும் நிஜம்தான். அப்ப மலைப் பக்கம் வேணாம், கீழயே பாக்கலாம்" என்றார். படத்தில் உங்களை வெட்டிவிட்டு மாமா முகத்தை மட்டும் எல்லாருக்கும் அனுப்பினார். மைக்கில் பேர் சொன்னார்கள், தெலுங்கில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை: சாந்திபுரம் முனுசாமி, வயது எழுபத்தைந்து, பழுப்புக் குல்லா. நாங்கள் கீழேயே தேடினோம். மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மத்தியானம் வரைக்கும் தேடினோம்.

மூன்று மணி இருக்கும். ஒரு ஜூஸ் கடை ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். அப்போது வசந்தா போன் செய்தாள். மாமாவைக் காணோம் என்று உங்கள் பிள்ளை அவளுக்குச் சொல்லியிருந்தார். கதறிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம வச்சிருந்தேன். ஒரு மாசமா நைனா போன்ல பேசும்போதெல்லாம், உங்கம்மா எங்க போயிருக்கா, எப்ப வருவான்னு கேட்டுக்கினே இருக்காரு. அம்மா செத்ததே அவருக்கு ஞாபகத்துல இல்ல அண்ணி. சொன்னா, அவரைப் பாத்துக்க முடியாம நான் சாக்கு சொல்றேன்னு அண்ணன் நெனச்சுக்குமோன்னு பயந்துட்டேன்."

சித்தூர்ப் பொட்டலம் கண்ணில் வந்தது. ஒரு நிமிஷத் தடுமாற்றம் இல்லை அது. அவரைப் பொறுத்தவரை வீட்டில் சாவே விழவில்லை. சாவு இல்லை என்றால் தீட்டு ஏது? தீட்டு இல்லாத ஒரு மனுஷன் திருப்பதியில் காலையில் எழுந்து தெருவுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தால், எதிரில் மலை நிற்கிறது. அவர் வேறு எங்கே போவார்? அவர் போகவே மாட்டார் என்று போலீஸ்காரரிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னவள் நான். ஆறு மணி நேரம் என் வாயால் போயிற்று.

"அலிபிரிக்குப் போங்க," என்றேன் உங்கள் பிள்ளையிடம். பஸ் ஏறத் தெரியாத மனுஷன் நடந்துதான் போயிருப்பார். நடந்து மேலே போகிறவர்களுக்கு அலிபிரிதான் அடிவாரம். காரில் போகும்போதுதான் நீங்கள் அடிக்கடி சொல்வது நினைவுக்கு வந்தது. உங்கள் பிள்ளைக்கு ஏழு வயதில் மஞ்சள் காமாலை, பிழைப்பானா என்று இருந்தது, பிழைத்தால் அலிபிரியிலிருந்து ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பதாக நீங்கள் வேண்டிக்கொண்டது, குனிந்து குனிந்து முதுகு ஒடிந்துபோனது, மாமா பின்னாலேயே மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தது. நான் ஏதாவது வேலைக்கு அலுத்துக்கொண்டால் உடனே அந்தக் கதையை எடுத்துவிடுவீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அலிபிரியில் இறங்கினோம். அந்த நேரத்திலும் கூட்டம். "கோவிந்தா, கோவிந்தா" என்று ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். சிறுத்தை நடமாட்டம் உண்டு, கூட்டமாகச் செல்லுங்கள் என்று ஒரு போர்டு. முதல் படியில் மஞ்சள் ஈரமாக இருந்தது. இரண்டாவது படியில், மூன்றாவது படியில், கண்ணுக்கு எட்டியவரை யாரோ பூசிக்கொண்டு போயிருந்தார்கள்.

உங்கள் பிள்ளை முதல் படியின் முன்னால் நின்றுவிட்டார். கால் எடுத்து வைக்கவில்லை. உங்களுக்குக் கொள்ளி வைத்தவர் அவர். "தனம், நான் எப்படி..." என்றார். எனக்கு மட்டும் பயம் இல்லையா? இந்தப் படியை மிதித்தால் வீட்டுக்கு என்ன வருமோ, ஹாஸ்டலில் படிக்கிற மகனுக்கு என்ன வருமோ என்று ஒரு நொடியில் எல்லாம் ஓடியது. "நீங்க இங்கயே நில்லுங்க. சாமி கோவிச்சுக்கினா என்னைக் கோவிச்சுக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினேன்.

எத்தனை படி ஏறினேன் என்று தெரியாது. மஞ்சள் மேல் கால் படாமல் ஓரமாகவே ஏறினேன். மூச்சு வாங்கியது. எதிரே யாரைப் பார்த்தாலும், பழுப்புக் குல்லா, பெரியவர், வெறுங்கால் என்று தமிழிலும் தெலுங்கிலும் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒரு திருப்பத்தில் பார்த்தேன். பச்சைப் புடவை கட்டிய ஒரு அம்மா குனிந்து படிக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு படி தள்ளி, மார்போடு ஒரு பையை அணைத்துக்கொண்டு மாமா நின்றிருந்தார்.

"மாமா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன் அத்தை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"யாரும்மா நீ? சத்தம் போடாத. கன்னி மஞ்ச பூசிக்கினு கீறா, தெரியல? படியில கால வைக்காத, ஒதுங்கு" என்றார். அந்த அம்மாவைத்தான் உங்கள் பேர் சொல்லிக் காட்டினார்.

"நான் தனம், மாமா. சேகரு பொண்டாட்டி."

"சேகருக்கா?" என்று சிரித்தார். "அவன் சின்னப் புள்ளம்மா. ஒடம்பு சரியில்லாம கெடக்குறான். அவனுக்குத்தான் இந்த வேண்டுதலை."

அந்த அம்மா நிமிர்ந்தாள். கடப்பைப் பக்கம். "பெத்தாயன மீ வாள்ளேனா?" என்று கேட்டாள். எங்கள் ஆள்தான் என்றேன். மத்தியானம் அவள் முதல் படிக்கு வந்தபோது இவர் அங்கே உட்கார்ந்திருந்தாராம். அவள் குனிந்ததும் எழுந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாராம். வேண்டுதலுக்கு ஒத்தாசை பண்ணுகிறவர் என்று நினைத்துக்கொண்டாளாம். தான் கொண்டுவந்த புளியோதரையில் பாதியை அவருக்குக் கொடுத்திருக்கிறாள்.

"வாங்க மாமா, போலாம்" என்று கையைப் பிடித்தேன். உதறினார். பாதியில் விட்டுவிட்டு வந்தால் பிள்ளைக்கு ஆகாது என்றார். பிடித்து இழுத்தேன். அவர் பையை இன்னும் இறுக்கிக்கொண்டு, "கன்னி, இந்தப் பொம்பள யாரு பாரு" என்று அவளைக் கூப்பிட்டார். எனக்கு அலுப்பு, பயம், பசி, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் ஒன்றாக வந்துவிட்டது. என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா?

"அது அத்தை இல்ல மாமா! அத்தை செத்துட்டாங்க! மாசியிலயே செத்துட்டாங்க!" என்று கத்திவிட்டேன்.

பை கீழே விழுந்தது. குங்குமம் படியெல்லாம் கொட்டியது. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "மாசியிலயா?" என்றார். பிறகு, "என்கிட்ட ஏம்மா யாரும் சொல்லல? நான் அவ மொகத்தக்கூடப் பாக்கலியே" என்றார்.

பார்த்தீர்கள் மாமா, கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தீர்கள், எழுப்பவே முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். உங்கள் சாவில் அவர் அழவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், உங்களுக்குக் கேட்டதோ என்னவோ. அந்தப் படியில் அழுதார். குல்லாவைக் கழற்றி வாயில் பொத்திக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்கக் குலுங்க அழுதார். ஏறுகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அந்தக் கடப்பை அம்மா தண்ணீர் கொடுத்து, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். என்னைப் பார்த்து, "எந்துக்கு செப்பாவம்மா?" என்றாள். ஏன் சொன்னாய் என்று கேட்டாள். அவ்வளவுதான். திட்டக்கூட இல்லை.

அவரை மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டு வந்தேன். உங்கள் பிள்ளை கீழே நிற்கவில்லை. பாதி தூரம் ஏறி வந்துவிட்டார். மாமாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை லாட்ஜில் மாமா எழுந்து உட்கார்ந்தார். முகம் தெளிவாக இருந்தது. "தனம், உங்க அத்தை எங்கம்மா?" என்றார். என் பேர் திரும்ப வந்துவிட்டது. உங்கள் சாவு போய்விட்டது. உங்கள் பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நேற்று மாதிரி இன்னொரு தடவையா? நாளைக்கு இன்னொரு தடவையா?

"கழனிக்குப் போயிருக்காங்க மாமா" என்றேன்.

மூன்றாவது மாடி, ஜன்னலுக்கு வெளியே முழுக்கக் கட்டடம். எந்தக் கழனி? ஆனாலும் அவர் ஜன்னலைப் பார்த்தார், தலையை ஆட்டினார். "வெயிலுக்கு முன்ன வந்துடுவாளா?"

"வந்துடுவாங்க."

வசந்தா பஸ் பிடித்து வந்து, நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அழுதாள். அவள் வீட்டு வாசலை நான் பார்த்திருக்கிறேன். இறங்கினால் கல்கத்தா ரோடு, நாளெல்லாம் லாரி. அவளும் அவள் வீட்டுக்காரரும் மாறி மாறி ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். நான்தான் வேண்டாம் என்றேன். கட்டிய பையைப் பிரிக்காமலே காரைத் திருப்பினோம். பெரிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ரோட்டை நினைத்தேன், அவ்வளவுதான்.

இப்போது எப்படி இருக்கிறோம் என்று கேட்பீர்கள். தெருக்கதவில் மாட்டு மணி ஒன்றைக் கட்டியிருக்கிறேன். அது கிணுங்கினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். ஊர் திரும்பிய மூன்றாம் நாள் வெள்ளைக் கன்றுக்குட்டிக்குக் காய்ச்சல். தீட்டோடு படி மிதித்த பாவம்தான் என்று நடுங்கிவிட்டேன். கன்று பிழைத்துக்கொண்டது, என் நடுக்கம் இன்னும் போகவில்லை. நீங்கள் அங்கே சாமிக்குப் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், எனக்காக ஒரு வார்த்தை சொல்லி வையுங்களேன்.

ஆனால் அதையெல்லாம்விட எனக்கு என் வாயை நினைத்தால்தான் பயம். ஒரு நாளைக்குப் பத்து தடவை, சில நாள் இருபது தடவை கேட்கிறார். கழனிக்கு, கழனிக்கு, கழனிக்கு. போன வாரம் பால் திரிந்துபோய், கேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து கேட்டார். "செத்து" என்பது வரைக்கும் வாய்க்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கொட்டகைக்குள் ஓடிப்போய் நின்றேன். அடுத்த தடவை கடிக்க முடியாமல் போனால்? அவர் மறுபடியும், என்கிட்ட ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். நாளைக்கு அவர் மறந்துவிடுவார். நான் எப்படி மறப்பது?

மாசி வருகிறது. உங்கள் வருஷ தெவசம். உங்கள் படத்துக்கு மாலை போட்டு, படையல் வைத்து, ஊரைக் கூப்பிட வேண்டும். மாமாவை வைத்துக்கொண்டு எப்படிச் செய்வது? உங்கள் பிள்ளையும் நானும் பேசி முடிவு செய்துவிட்டோம். தெவசம் நாயுடுபேட்டையில், வசந்தா வீட்டில். அவர் போய் எல்லாம் முறைப்படி செய்வார். நான் வர மாட்டேன். இங்கே மாமாவோடு இருப்பேன். உங்கள் முதல் தெவசத்துக்கு மருமகள் வரவில்லை என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். நடுவீட்டில் மாட்டியிருந்த உங்கள் படத்தையும் கழற்றி இரும்புப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கல்யாணமான புதிதில், தயிர்ப்பானையை நான் உடைக்கவில்லை என்று சொன்ன ஒரே ஒரு சின்னப் பொய்க்கு என்னை ஊரைக் கூட்டி நிற்க வைத்தவர் நீங்கள். இப்போது சத்தியம் பண்ணிச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். மாமா இருக்கிறவரை இந்த வீட்டில் நீங்கள் சாகவில்லை. கழனிக்குப் போயிருக்கிறீர்கள், வெயிலுக்கு முன்னால் வந்துவிடுவீர்கள். எத்தனை தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

உங்களுக்கு விளக்கு ஏற்றாமல் வீட்டில் இருக்கப்போகும்,
உங்கள் மருமகள் தனம்